கந்தகத்தை எண்ணுதல்

கந்தகம் தனித்துக் கிடைக்கும்போது மஞ்சள் கட்டி. தீப்பெட்டியும் பட்டாசும் செய்பவர்களுக்குப் பழகிய சரக்கு. மற்ற இடங்களில் எல்லாம் அது கண்ணுக்குப் படாமல் கலந்து கிடக்கிறது. கச்சா எண்ணெயில் கரிமச் சேர்மங்களாகவும், நிலக்கரியில் பைரைட் என்ற இரும்பு சல்பைடின் துகள்களாகவும், சிமென்ட்டில் ஜிப்சமாகவும், முடியிலும் நகத்திலும் புரதத்தின் ஒரு பகுதியாகவும் இருக்கிறது. அதனால் வரும் நன்மையும் கேடும் அதன் அளவைப் பொறுத்தவை. சிமென்ட்டில் ஜிப்சம் குறைந்தால் கலவை தண்ணீர் பட்ட சிறிது நேரத்திலேயே இறுகிவிடும், மிகுந்தால் கட்டி முடித்த பிறகு உப்பி விரிசல் விடும். எஃகில் கந்தகம் கூடினால் சூட்டோடு அடிக்கும்போது உலோகம் பிளக்கும். எரிபொருளில் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது, ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. ஆகவே கந்தகத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எவ்வளவு இருக்கிறது என்பதே.

இந்தக் கேள்விக்கு வேதியியல் நெடுங்காலமாகச் சொல்லிவந்த பதில் பேரியம் சல்பேட். பொருளில் உள்ள கந்தகம் முழுவதையும் ஆக்சிஜனேற்றம் செய்து சல்பேட்டாக மாற்றி, பேரியம் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு இறங்கும். அதை வடிகட்டிக் கழுவி, சுட்டெடுத்து எடை பார்க்க வேண்டும். எடையில் 13.7 சதவீதம் கந்தகம். நிலக்கரிக்கான எஷ்கா முறையும் இதே வழியில்தான் செல்கிறது. மக்னீசியம் ஆக்சைடும் சோடியம் கார்பனேட்டும் சேர்ந்த கலவையில் கரித்தூளைப் புதைத்து எரித்து, கந்தகத்தைத் தப்பவிடாமல் பிடித்துவைத்து, கடைசியில் பேரியத்தால் வீழ்த்துவார்கள். நம்பகமான முறை. ஆனால் வேலை மணிக்கணக்கில் நீளும், தேர்ந்த கைகள் வேண்டும், மாதிரியும் மிஞ்சாது. ஒரு சுத்திகரிப்பு ஆலையிலோ சிமென்ட் ஆலையிலோ அடுத்த தொகுதி இறங்கும் முன் விடை தெரிந்தாக வேண்டும். எக்ஸ் கதிர் ஒளிர்வுப் பகுப்பாய்வு அங்கே வேரூன்றியதற்குக் காரணம் இந்த அவசரம். சில நிமிடங்களில் விடை கிடைக்கிறது, மாதிரியும் பெரும்பாலும் அப்படியே கையில் இருக்கிறது.

இதன் அடிப்படை எளிமையானது. போதிய ஆற்றலுள்ள எக்ஸ் கதிர் ஓர் அணுவின் மீது விழுந்தால், அணுக்கருவை ஒட்டிய உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் வெளியே எறியப்படும். அந்த வெற்றிடத்தை வெளிக்கூட்டு எலக்ட்ரான் ஒன்று வந்து நிரப்பும். இரண்டு கூடுகளுக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு ஒரு புதிய எக்ஸ் கதிராக வெளிப்படும். அந்த வேறுபாடு தனிமத்துக்குத் தனிமம் மாறுவதால், வெளிவரும் கதிரின் ஆற்றல் அது எந்தத் தனிமத்திலிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடும். எத்தனை கதிர்கள் வருகின்றன என்பது அந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லும். முதல் பாதி இயற்பியலின் கொடை, அதில் ஐயத்துக்கு இடம் குறைவு. இரண்டாம் பாதிதான் பாடுபட்டுப் பெற வேண்டியது.

எக்ஸ் கதிரை ராண்ட்ஜன் 1895இல் கண்டறிந்தார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிடுகிறது என்று சார்லஸ் பார்க்லா காட்டினார். கே, எல் என்று அந்தக் கதிர்த் தொடர்களுக்கு எழுத்துப் பெயர் வைத்தவரும் அவரே. 1913, 1914 ஆண்டுகளில் ஹென்றி மோஸ்லி என்ற இளைஞர் அந்தக் கதிர்களின் அதிர்வெண்ணை வரிசையாக அளந்து, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் அணு எண்ணோடு சீராக ஏறுவதைக் கண்டார். தனிம வரிசைக்கு எடையைவிட உறுதியான அடிப்படை அணு எண்தான் என்பது அதன்பின் நிலைபெற்றது. மோஸ்லி 1915 ஆகஸ்டில் கலிப்போலிப் போர்முனையில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 27. அவர் போட்ட பாதையில் 1923இல் கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் ஹாஃப்னியம் என்ற புதிய தனிமத்தையே எக்ஸ் கதிர்க் கோடுகளால் கண்டுபிடித்தார்கள். 1940களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் ஹெர்பர்ட் ஃப்ரீட்மனும் லாவெர்ன் பர்க்ஸும் ஒளிர்வு நிறமாலைமானியை நடைமுறைக் கருவியாக்கினார்கள். ஆய்வகங்களிலும் ஆலைகளிலும் இன்று நிற்கும் கருவிகள் அந்த வழியில் வந்தவை.

கந்தகத்தின் அணு எண் 16. அதன் கே கூட்டிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்ற 2.47 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. பதிலுக்கு அது தரும் முதன்மைக் கதிரான கே-ஆல்பாவின் ஆற்றல் 2.31 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அலைநீளம் 5.37 ஆங்ஸ்ட்ராம். எக்ஸ் கதிர் உலகில் இது மிக மெலிந்த குரல். மெலிவுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது அணுவுக்குள்ளேயே இருக்கிறது. உள்கூட்டில் வெற்றிடம் விழுந்த ஒவ்வொரு முறையும் எக்ஸ் கதிர் வருவதில்லை. பல சமயம் அந்த ஆற்றல் இன்னொரு எலக்ட்ரானை வெளியே தள்ளுவதில் செலவாகிவிடும். ஓஜே விளைவு எனப்படும் இந்தப் போட்டியில் இலேசான தனிமங்கள் பெரும்பாலும் ஒளியை இழக்கின்றன. மாலிப்டினத்தில் நூறு வெற்றிடங்களுக்கு எழுபத்தைந்துக்கு மேற்பட்ட கதிர்கள் பிறக்கும். இரும்பில் முப்பத்துநான்கு. கந்தகத்தில் எட்டு மட்டுமே.

இரண்டாவது காரணம் பிறந்த கதிர் கடக்க வேண்டிய வழியில் இருக்கிறது. 2.31 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரைச் சாதாரணக் காற்றுகூட விழுங்கிவிடும். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைந்த காற்றைக் கடப்பதற்குள் பாதி காணாமல் போகும். இரும்பையும் துத்தநாகத்தையும் திறந்த வெளியிலேயே அளந்துவிடும் கைக்கருவி கந்தகத்தின் முன் தடுமாறுவது இதனால்தான். கந்தகத்தை அளக்க வேண்டுமானால் வழியிலுள்ள காற்றை அகற்றி வெற்றிடமாக்க வேண்டும், அல்லது ஹீலியத்தை நிரப்ப வேண்டும். எண்ணெய் போன்ற திரவங்களை வெற்றிடத்தில் வைத்தால் நுரைத்துக் கொதிக்கும் என்பதால் அங்கே ஹீலியமே வழி. ஹீலியம் முழுதாக நிரம்பாமல் சிறிது காற்று தங்கியிருந்தாலும் விடை குறையும். கருவி அதைத் தானாகச் சொல்லாது. குறைந்த எண்ணைத்தான் காட்டும்.

இதே உறிஞ்சல் மாதிரிக்குள்ளும் நிகழ்கிறது. இந்த முறையின் நெறி முழுவதும் பிறப்பது இந்த இடத்தில். டீசலில் கந்தகத்தின் கதிர் அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஆழத்திலிருந்துதான் வெளியே வர முடியும். சுண்ணாம்புக்கல்லில் சில பத்து மைக்ரோமீட்டர் ஆழத்திலிருந்து, அதாவது ஒரு தலைமுடியின் தடிமனைவிடக் குறைந்த அடுக்கிலிருந்து. பைரைட்டில் பதினைந்து மைக்ரோமீட்டரைக்கூட எட்டாது. கருவியின் கிண்ணத்தில் பத்து கிராம் தூளை வைத்தாலும் கந்தகத்தைப் பொறுத்தவரை பேசுவது மேலே உள்ள மெல்லிய தோல் மட்டும். கீழே இருக்கும் அத்தனை தூளும் மௌனமாகவே இருக்கிறது. ஆகவே திரையில் தெரியும் எண் மாதிரியின் கந்தகம் அன்று, மேற்பரப்பின் கந்தகம். இரண்டும் ஒன்றாக இருக்கும்படி செய்வது மனிதரின் வேலை. அதற்குப் பெயர் மாதிரித் தயாரிப்பு. கந்தக அளவீட்டில் நேர்மையும் திறமையும் பெரும்பாலும் இந்த ஒரு கட்டத்தில் குவிந்திருக்கின்றன.

நிலக்கரியை எடுத்துக்கொள்ளலாம். அதில் பைரைட் ஐம்பது மைக்ரோமீட்டர் துகளாக இருந்தால், துகளின் வெளிப்பக்கத்திலிருந்து மட்டும் கதிர் வரும், நடுப்பகுதியின் கந்தகம் தன் உடலுக்குள்ளேயே அடைபட்டுவிடும். அதே பைரைட்டை ஐந்து மைக்ரோமீட்டருக்கு அரைத்தால் முன்பு ஒளிந்திருந்த கந்தகமும் வெளியே பேசும். எடை மாறவில்லை, வேதியியல் மாறவில்லை, அரைத்த நேரம் மட்டும் மாறியது. எண் கூடிவிட்டது. ஆகவே அரைக்கும் ஆலை, அரைக்கும் நேரம், சேர்க்கும் பிணைப்பான் ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் மாறாமல் வைத்திருக்க வேண்டும். அரைத்த தூளை மெழுகோடோ செல்லுலோஸோடோ கலந்து, பல டன் அழுத்தத்தில் வில்லையாக அழுத்துகிறார்கள். சிமென்ட் ஆலைகளில் நாள் முழுவதும் நடக்கும் வேலை இது. அங்கும் ஒரு கண்ணி உண்டு. அரைக்கும் சூட்டில் ஜிப்சம் நீரை இழந்து வேறு வடிவத்துக்கு மாறும். கடினத் துகள்களைச் சுற்றி மென்மையான ஜிப்சம் தீற்றிக்கொண்டால் மேற்பரப்பில் கந்தகம் உள்ளதைவிட மிகுந்து தோன்றும். ஓர் ஆலையின் வில்லைக்கு வகுத்த அளவுத்திருத்தக் கோட்டை இன்னோர் ஆலையின் வில்லைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாமல் போவது இதனால்தான்.

துகளின் வரலாற்றையே அழித்துவிட ஒரு வழி இருக்கிறது. மாதிரியை லித்தியம் டெட்ராபோரேட்டோடு சேர்த்து, பிளாட்டினமும் தங்கமும் கலந்த மூசையில் ஆயிரம் டிகிரி செல்சியஸுக்கு மேல் உருக்கிக் கண்ணாடி வில்லையாக வார்ப்பது. 1950களில் கியூபெக்கைச் சேர்ந்த ஃபெர்னாண்ட் கிளைஸ் வகுத்த முறை இது. துகள் அளவு, கனிம வடிவம் எல்லாம் கரைந்து ஒரே சீரான கண்ணாடியாகிவிடும். சிலிக்காவுக்கும் கால்சியத்துக்கும் இதைவிட மேலான வழி இல்லை என்றே சொல்லலாம். கந்தகம் மட்டும் இங்கே பிடி கொடுக்காத விருந்தாளி. சல்பைடாக இருந்தால் அந்தச் சூட்டில் கந்தக டை ஆக்சைடாகப் பறந்துபோகும், அதற்குமுன் விலையுயர்ந்த பிளாட்டின மூசையையும் அரிக்கும். இதைத் தடுக்க நைட்ரேட் போன்ற ஆக்சிஜனேற்றியைச் சேர்த்து, குறைந்த சூட்டில் நிதானமாகச் சல்பைடைச் சல்பேட்டாக மாற்றிய பிறகே முழுச் சூட்டுக்குப் போக வேண்டும். சல்பேட்டாக மாறியதும் கந்தகம் பெருமளவு கண்ணாடிக்குள் தங்கும். அதன்பிறகும் சூடும் நேரமும் அளவு மீறினால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். துகளின் குழப்பத்தைத் தீர்க்கப் போய்க் கந்தகத்தையே இழக்கும் வாய்ப்பு இங்கே எப்போதும் உண்டு. எந்த வழி மேல் என்பதை மாதிரியும் தேவையும்தான் தீர்மானிக்கின்றன.

திரவங்களுக்கு அரைப்பும் இல்லை, உருக்குதலும் இல்லை. அதனாலேயே எளிது என்று நினைத்துவிடக் கூடாது. எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி, அடிப்பக்கத்தை மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, கீழிருந்து கதிரைச் செலுத்துவது வழக்கம். கந்தகத்தின் கதிர் அந்தப் படலத்தைக் கடந்துதான் வெளியே வர வேண்டும். ஆறு மைக்ரோமீட்டர் பாலியெஸ்டர் படலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும். படலத்தின் தடிமன் சிறிது மாறினாலும், சூட்டில் அது தொய்ந்து மாதிரிக்கும் கருவிக்கும் இடையே உள்ள தூரம் மாறினாலும் விடை மாறும். அளவுத்திருத்தத்துக்கு எந்தப் படலமோ அதே சுருளிலிருந்து மாதிரிக்கும் எடுப்பது நல்ல ஆய்வகத்தின் பழக்கம். படலத்தை விரலால் தொட்டால் வியர்வையிலுள்ள கந்தகமும் குளோரினும் அதில் ஏறிக்கொள்ளும். எண்ணெயிலுள்ள வண்டல் அடியில் இறங்கினால் அது நேராகக் கதிர் பாயும் அடுக்கில் போய் அமரும். எனவே ஊற்றியதும் தாமதிக்காமல் அளக்க வேண்டும்.

அடுத்தது பிரித்தறியும் வேலை. மாதிரியிலிருந்து வெளிவருவது கந்தகத்தின் கதிர் மட்டும் அல்ல, எல்லாத் தனிமங்களின் கதிர்களும் சிதறிய கதிர்களும் சேர்ந்த கூட்டம். அதிலிருந்து கந்தகத்தைத் தனியே எடுக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று படிகத்தால் அலைநீளத்தைப் பிரிப்பது. பிராக் தந்தையும் மகனும் காட்டிய விதிப்படி, குறித்த அலைநீளம் குறித்த கோணத்தில் மட்டுமே படிகத்திலிருந்து வலுவாகத் திரும்பும். கந்தகத்துக்கு ஜெர்மானியம் படிகம் மிகவும் ஏற்றது. அதில் கந்தகத்தின் கே-ஆல்பா 110.7 டிகிரி கோணத்தில் நிற்கும். இரண்டாம் வரிசைப் பிரதிபலிப்பை அந்தப் படிக அமைப்பு ஏறக்குறைய முழுவதும் அடக்கிவிடுவதால், பாதி அலைநீளமுள்ள வேறு தனிமத்தின் கதிர் அதே கோணத்தில் நுழைந்து குழப்புவதில்லை. மற்றொரு வழி சிலிக்கான் உணரியில் எல்லாக் கதிர்களையும் ஒரே நேரத்தில் வாங்கி, ஒவ்வொன்றின் ஆற்றலையும் மின்துடிப்பின் உயரத்தால் கணிப்பது. கருவி சிறிதாகும், விலை குறையும், வேகம் கூடும். கூர்மை குறையும்.

கூர்மை குறைவதன் விளைவைக் காரீயம் உள்ள மாதிரிகளில் காணலாம். காரீயத்தின் எம்-ஆல்பா கதிர் 2.34 கிலோ எலக்ட்ரான் வோல்ட். கந்தகத்தின் கதிரிலிருந்து அதன் தூரம் நாற்பது எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் குறைவு. நல்ல சிலிக்கான் உணரியின் கோடு இந்தப் பகுதியில் எண்பது எலக்ட்ரான் வோல்ட் அகலத்தை ஒட்டியது. இரண்டும் ஒரே மேடாக ஒன்றிவிடும். மாலிப்டினத்தின் எல்-ஆல்பா 2.29இல் இன்னும் நெருங்கி நிற்கிறது. ஈய வெள்ளை பூசிய பழைய ஓவியம் ஒன்றில் கைக்கருவி கந்தகம் காட்டினால் உடனே நம்பிவிட முடியாது. மெர்குரி சல்பைடாலான செந்நிற வர்மிலியன் அங்கே இருக்கிறதா, அல்லது காரீயம் மட்டும் கந்தகத்தின் வேடத்தில் நிற்கிறதா என்பதை மற்றக் கோடுகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். காரீயத்தின் எல் கோடுகள் 10.55இலும் 12.6இலும் எழும். அவை தெரிந்தால் கந்தகத்தைப் பற்றிய எந்தத் தீர்ப்பையும் நிறுத்திவைப்பதே முறை.

பிரித்தெடுத்த கதிரின் எண்ணிக்கையைச் சதவீதமாக மாற்ற அளவுத்திருத்தம் வேண்டும். கந்தகத்தின் அளவு தெரிந்த தரமாதிரிகளை அளந்து ஒரு கோடு வரைந்து, தெரியாத மாதிரியை அந்தக் கோட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். தரமாதிரியும் தெரியாத மாதிரியும் ஒரே மாதிரி உடல் கொண்டவையாக இருந்தால்தான் இந்த ஒப்பீடு செல்லும். எரிபொருளில் இது இன்று நேரடியான கேள்வியாகியிருக்கிறது. தரமாதிரிகள் பெரும்பாலும் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ள வெள்ளை எண்ணெயில் கரைத்த கந்தகச் சேர்மங்கள். எத்தனாலிலும் பயோடீசலிலும் ஆக்சிஜன் இருக்கிறது. சம எடைக்கு ஆக்சிஜன் கந்தகக் கதிரைக் கார்பனைவிட இரண்டு மடங்குக்கு மேல் விழுங்கும். எடையில் பதினொரு சதவீதம் ஆக்சிஜன் கொண்ட பயோடீசலை வெள்ளை எண்ணெய்க் கோட்டில் வைத்துப் படித்தால், கந்தகம் உண்மையைவிடக் குறைவாகவே வரும். இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்கும் இந்தியாவிலும் அதே திசையில் பிழை நேரும். சிதறிய கதிரின் அளவை வைத்துத் திருத்தலாம், அல்லது ஆக்சிஜன் உள்ள தரமாதிரிகளையே பயன்படுத்தலாம். எதையும் செய்யாமல் விட்டால், வரம்பை மீறிய எரிபொருள் வரம்புக்குள் இருப்பதாகச் சான்று பெற்றுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் எண்ணுதல் என்ற செயலுக்கே ஓர் எல்லை உண்டு. எக்ஸ் கதிர்கள் ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை, தற்செயலாக வருகின்றன. பத்தாயிரம் எண்ணினால் அதில் இயல்பான தடுமாற்றம் நூறு, அதாவது ஒரு சதவீதம். பத்து லட்சம் எண்ணினால் ஆயிரம், அதாவது சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு. துல்லியத்தைப் பத்து மடங்கு கூட்ட நூறு மடங்கு நேரம் எண்ண வேண்டும். மிகக் குறைந்த கந்தகத்தில் தடை இன்னும் கடுமையாகிறது, ஏனெனில் கந்தகமே இல்லாத எண்ணெயும் பின்னணியாகச் சில எண்ணிக்கைகளைத் தரும். ஒரு கருவியில் பின்னணி பத்தாயிரம் எண்ணிக்கை என்றும், கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் கந்தகம் நூறு எண்ணிக்கை தருகிறது என்றும் வைத்துக்கொண்டால், பின்னணியின் தடுமாற்றம் நூறு. அதன் மூன்று மடங்கைத் தாண்டினால்தான் கந்தகம் இருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். ஆக அந்தக் கருவிக்கு மூன்று மில்லிகிராமுக்குக் கீழே உள்ளதெல்லாம் இருள். இதை மேலும் இறக்கச் சிலர் வளைந்த படிகங்களால் ஒரே ஆற்றலுள்ள கதிரை மட்டும் மாதிரியின்மேல் குவித்துப் பின்னணியையே குறைக்கிறார்கள்.

இந்தச் சின்ன எண்களுக்காக ஏன் இத்தனை பாடு என்பதற்கு விடை தெருவில் இருக்கிறது. இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடப்புக்கு வந்த பாரத் ஸ்டேஜ் நான்கு தரம் டீசலில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் கந்தகத்தை அனுமதித்தது. 2020 ஏப்ரல் முதல் வந்த ஆறாம் தரம் அதைப் பத்தாகக் குறைத்தது. புகையைச் சுத்தம் செய்ய வண்டியில் பொருத்தும் வினையூக்கியைக் கந்தகம் முடக்கிவிடும் என்பதே முக்கியக் காரணம். எரிபொருள் சுத்தமாகாமல் வண்டி சுத்தமாகாது. கடலிலும் இதே கதை. 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளின் கந்தக வரம்பு 3.50 சதவீதத்திலிருந்து 0.50 சதவீதமாக இறங்கியது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எரிபொருள் வெளியேறும்போதும், துறைமுகத்தில் கப்பலின் எண்ணெயைச் சோதிக்கும்போதும் சட்டம் நம்பி நிற்பது ஓர் எண்ணை. ஏஎஸ்டிஎம் டி 2622, டி 4294 போன்ற எக்ஸ் கதிர் முறைகள் அந்த எண்ணைத் தருகின்றன. அந்த எண் பிழைபட்டால் பிழையைச் சுவாசிப்பது சாலையோரம் வாழும் மக்கள். ஆகவே படலத்தை மாற்றுவதும் கிண்ணத்தைத் துடைப்பதும் அற்ப வேலைகள் அல்ல. அவை பொதுநலத்தின் பகுதி.

எத்தனை துல்லியமாக எண்ணினாலும் இந்த முறை சொல்லாத ஒன்று இருக்கிறது. கந்தகம் எந்த வடிவில் உள்ளது என்பதை அது பொதுவாகச் சொல்வதில்லை. சல்பைடு, சல்பேட், தனிக் கந்தகம், கரிமக் கந்தகம் எல்லாம் அதற்கு ஒரே கோடு. எரிபொருளுக்கு இது நன்மை, மொத்தம் தெரிந்தால் போதும். கட்டடக் கல்லுக்கு அது போதாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் த்ருவா ரிவியேர் பகுதியில் ஏராளமான வீடுகளின் அடித்தளக் கான்கிரீட் நொறுங்கியது. ஜல்லியில் இருந்த பைரோடைட் என்ற இரும்பு சல்பைடு காற்றும் ஈரமும் பட்டு ஆக்சிஜனேற்றமடைந்து உப்பியதே காரணம். ஐரோப்பிய ஜல்லித் தரம் மொத்தக் கந்தகத்துக்கு ஒரு சதவீதம் வரை இடம் தருகிறது. பைரோடைட் இருப்பது தெரிந்தால் வரம்பு 0.1 சதவீதமாக இறங்கிவிடும். எக்ஸ் கதிர் ஒளிர்வு அரை சதவீதம் கந்தகம் என்று சொல்லி நிறுத்திக்கொள்ளும். வீடு நிற்குமா என்பதைக் கனிமத்தைப் பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

ஸ்டாக்ஹோமின் வாசா கப்பலும் இதையே கற்பித்தது. 1628இல் மூழ்கி 1961இல் கரையேற்றப்பட்ட அந்தப் போர்க்கப்பலின் மரத்தில், துறைமுகச் சேற்றின் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஊறியிருந்தது. அருங்காட்சியகத்தில் காற்றோடு சேர்ந்ததும் அந்தக் கந்தகம் மெல்லச் சல்பூரிக் அமிலமாக மாறத் தொடங்கியது. மரத்திலுள்ள தனிக் கந்தகம் முழுவதும் ஆக்சிஜனேற்றமடைந்தால் 5,000 கிலோ வரை சல்பூரிக் அமிலம் உருவாகலாம் என்று 2002இல் ஆய்வாளர்கள் நேச்சர் இதழில் மதிப்பிட்டார்கள். மொத்த அளவு மட்டும் தெரிந்திருந்தால் அது ஓர் எண்ணோடு நின்றிருக்கும். சிங்க்ரோட்ரான் கதிரால் கந்தகத்தின் உறிஞ்சல் விளிம்பை ஆராய்ந்தபோது, இன்னும் அமிலமாகாத கந்தகம் எவ்வளவு மீந்திருக்கிறது என்பது தெரிந்தது. காப்பாளர்களுக்கு வேண்டியிருந்தது அந்தச் செய்திதான். கூர்மையான படிகக் கருவியில்கூடச் சல்பேட்டின் கே-பீட்டா கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு துணைக்கோடு எழுவதைக் கண்டு சல்பைடிலிருந்து அதைப் பிரித்தறிய முடியும். ஆனால் அதற்கென்று தனியே பார்க்க வேண்டும்.

மேற்பரப்பு, வடிவம் என்ற இரண்டு சிக்கல்களும் செவ்வாய்க் கோளில் ஒன்றாகச் சந்தித்தன. 1976இல் இறங்கிய வைக்கிங் கலங்கள் கதிரியக்க இரும்பையும் காட்மியத்தையும் மூலமாகக் கொண்ட ஒளிர்வுக் கருவிகளை எடுத்துச் சென்றன. செவ்வாய் மண்ணில் கந்தகம் பூமியின் மேலோட்டைவிடப் பல மடங்கு மிகுதி என்பது அப்போது தெரிந்தது. 2004இல் இறங்கிய ஆபர்சூனிட்டி, ஸ்பிரிட் ஊர்திகள் பாறையைத் தேய்க்கும் கருவியையும் கொண்டுபோயின. கந்தகம் மிகுந்த தூசி எங்கும் படிந்திருக்கையில், தூசியை அளந்துவிட்டுப் பாறையை அளந்ததாகச் சொல்லக் கூடாது என்பதே அதற்குக் காரணம். தேய்த்த பிறகும் ஆபர்சூனிட்டி இறங்கிய மெரிடியானிச் சமவெளியின் பாறைகளில் கந்தகம் நிறையவே இருந்தது. இரும்பின் நிலையைக் காட்டும் மோஸ்பவர் கருவி அங்கே ஜரோசைட் என்ற சல்பேட் கனிமத்தை அடையாளம் கண்டபின்தான், பழங்காலத்து அமில நீரைப் பற்றிப் பேச முடிந்தது. 2024 மே மாதம் கியூரியாசிட்டி ஊர்தியின் சக்கரம் ஒரு கல்லை நசுக்கியபோது மஞ்சள் படிகங்கள் வெளிப்பட்டன. அவை தனிக் கந்தகம் என்பதை ஊர்தியின் ஆல்பா துகள் எக்ஸ் கதிர்க் கருவி உறுதி செய்தது. செவ்வாயில் தனிக் கந்தகம் காணப்பட்டது அதுவே முதல் முறை.

கந்தகத்தை அளக்க எக்ஸ் கதிர் ஒளிர்வு மிக நல்ல முறை. விரைவு, மலிவு, மாதிரியைக் காப்பது ஆகிய மூன்றையும் ஒருசேரத் தரும் முறைகள் அரிது. அதன் பலவீனம் கருவியில் இல்லை. மெல்லிய தோல் தரும் சாட்சியத்தை முழு உடலின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ளும் அவசரத்தில் இருக்கிறது. ஆகவே கந்தகத்தின் அளவைத் தாங்கி வரும் எந்த அறிக்கையும், மாதிரி எப்படி அரைக்கப்பட்டது அல்லது உருக்கப்பட்டது, எந்தப் படலம், எந்தச் சூழல், எந்தத் தரமாதிரிகள், எவ்வளவு நேரம் எண்ணப்பட்டது, கண்டறியும் எல்லை என்ன, தடுமாற்றம் எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும். இவற்றைக் கேட்டு வாங்குவது அறிக்கையைப் பெறுபவரின் உரிமை, கேட்காமலே எழுதுவது ஆய்வகத்தின் கடமை. இவை இல்லாத எண்ணை அளவீடாக ஏற்கக் கூடாது.